க.பட்டிக் கோயில், தெற்கு வாசல்

2002 மே 2, வியாழன்

வெயில். காலையிலேயே தார் ரோடு இளகி டயரில் ஒட்டுகிறது. தாடிக்கொம்பு தாண்டியதும் எதிர்க்காற்று, அதுவும் சூடு. க.பட்டி அந்தோணியார் கோயில் அளவெடுக்கும் வேலை இன்றோடு முடிந்தது.

பல்வலி. இடது பக்கம். கிராம்புத் தைலம் வாங்க வேண்டும்.

கூரை பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) முன்பே முடிந்துவிட்டது. இனி சுவர், தரை, சன்னல். ஜூன் 13 திருவிழா. அதற்குள் சுண்ணாம்புப் பூச்சாவது முடியவேண்டும் என்கிறார் ஃபாதர். சின்ன வயது. எதைக் கேட்டாலும் "பண்ணிரலாம் சார்". ஊரில் என்னை இன்ஜினியர் என்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் என்று திருத்திப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான என்றார்கள். விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்:

1. தொடுவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.
2. புதிதாகச் சேர்ப்பது புதிது என்று தெரியட்டும். பழசு போல நடிக்க வேண்டாம்.
3. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் கூடாது. அருளப்பன் எத்தனை மூட்டை சும்மா கொடுத்தாலும் கூடாது.
4. இடையில் வந்தவர்களின் குளறுபடியை நீக்கி, முதலில் கட்டியவன் நினைத்த வடிவத்துக்குத் திரும்ப வேண்டும்.

அருளப்பன் = மேலத்தெரு, செங்கல் சூளை, பங்குப் பேரவைத் தலைவர். நல்ல மனிதர். எல்லாவற்றிலும் சிமெண்டைக் கொட்டச் சொல்கிறார்.

கட்டடம் சிலுவை வடிவம். நீளமான நடுக்கூடம், குறுக்கே இரண்டு கைகள். பெஞ்சு கிடையாது, எல்லோரும் தரையில்தான். அதனால் சன்னல் கட்டை முழங்கால் உயரம். உட்கார்ந்திருப்பவர் முகத்தில் காற்றுப் படும். கட்டியவன் யோசித்துக் கட்டியிருக்கிறான். தெற்குக் கையில் மட்டும் சன்னல்கள் நெஞ்சு உயரத்தில். ஏனென்று புரியவில்லை. வேறு கொத்தனாராக இருக்கும்.

மே 5, ஞாயிறு

மனைவி ஜெயாவையும் கூட்டிக்கொண்டு க.பட்டிக்கே பூசைக்குப் போனேன். ஆள் இல்லாத கட்டடத்தை அளந்துவிட்டு வரைபடம் போட்டால் போதாது என்று தோன்றியது.

நடுக்கூடத்தில் இடமில்லை. முன்வாசலுக்கு வெளியே வெயிலில் ஒரு கூட்டம், தலையில் துண்டு, முந்தானை. ஆனால் தெற்குக் கை காலி. சப்பரம், கிழிந்த மேளம், இறக்கை உடைந்த சம்மனசு சிலை. நிழலும் இடமும் இருக்க, ஏன் வெயிலில் நிற்கிறார்கள்? ஃபாதரிடம் கேட்டேன். பழக்கம் சார் என்றார்.

குறிப்பு: சாமான்களை அப்புறப்படுத்தினால் தெற்குக் கையில் நல்ல கூட்டம் கொள்ளும்.

திரும்பும் வழியில் திண்டுக்கல்லில் பிரியாணி. பல்வலியோடு சாப்பிட்டது. ஜெயா சிரித்தாள்.

மே 8, புதன்

நல்ல நாள்.

பாண்டி (கொத்தனார், திண்டுக்கல்) தெற்குக் கைச் சுவரில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு வாசல். கருங்கல் நிலை, மேலே வளைவு, வளைவின் உச்சியில் செதுக்கிய லீலிப்பூ. பெரிய வாசலில்கூட இப்படி ஒரு பூ கிடையாது. எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அடைத்த வேலை சகிக்கவில்லை. மண் சாந்து. செங்கல் ஒன்று போல ஒன்று இல்லை. நடுநடுவே கருங்கல், ஓட்டுத் துண்டு, உடைந்த அம்மி ஒன்று. கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளி வைத்த மாதிரி. வயிறு தள்ளி நிற்கிறது. சுவரில் ஈரம் ஏறுவது இதன் வழியாகத்தான்.

சட்டம் 4க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. திறந்துவிட்டால் தென்காற்று வரும், பீடத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும். விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பல்வலியை மறந்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மே 9, வியாழன்

ஃபாதர் வாசலைப் பல கோணங்களில் படம் எடுத்தார். அருளப்பன் செய்தி கேள்விப்பட்டு மொபெட்டில் வந்தார். லீலிப்பூவைத் தடவிப் பார்த்தார். அவருடைய தாத்தா காலத்து வாசலாம். தேக்கில் கதவு போட்டுத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே மனதாக இருந்தோம். இந்த வேலையில் அப்படி நடப்பது அபூர்வம்.

பாண்டியிடம் மேலிருந்து பிரிக்கச் சொல்லியாயிற்று.

மே 13, திங்கள்

மேல் பாதி பிரித்தாயிற்று. பழைய செங்கல் ஒன்றுக்கும் உதவாது. உடைத்துச் சல்லியாக்கி, சாமியார் உடை மாற்றும் அறையின் தரைக்கு அடியில் போடச் சொன்னேன். வெள்ளியிலிருந்து சித்தாள் பெண்கள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. எல்லோரும் கீழத்தெரு. கல்யாணம் காட்சி ஏதாவது இருக்கும் என்றார் பாண்டி.

சாயங்காலம் ஓர் அம்மாள் வந்தார். குடை, கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை. கீழத்தெரு திரேசம்மாள் டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் வாசலின் பெருமையை எடுத்துவிட்டேன். கல் நிலை, பூ, தென்காற்று. முழுவதும் கேட்டார். பிறகு நான் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது. இதை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

அந்த வாசல் கீழத்தெருவுக்கென்று வைத்தது. பெரிய வாசல் வழியாக அவர்கள் வரக்கூடாது. தெற்கே நுழைந்து, தெற்குக் கையிலேயே உட்கார்ந்து, நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு தெற்கேயே போய்விட வேண்டும். அங்கிருந்து பீடத்தின் பக்கவாட்டுதான் தெரியும். இவர் நாலாவது படிக்கும்போது ஒரு குருத்து ஞாயிறு. மேலத்தெரு முழுக்கக் குருத்தோலையோடு ஊர் சுற்றும் பவனியில். கீழத்தெரு போகவில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் செங்கல் என்று சுமந்து வந்தார்கள். செங்கல் இல்லாத வீட்டிலிருந்து கருங்கல், ஓடு. சுண்ணாம்பு குழைக்க நேரம் இல்லை, மண்ணைக் குழைத்தார்கள். பவனி திரும்புவதற்குள் வாசலை அடைத்துவிட்டு, பெரிய வாசல் வழியாக உள்ளே போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கல் வைத்தது டீச்சரின் அப்பா. பிறகு அடிதடி. ஆறு மாதம் கோயில் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது பெரிய வாசல் எல்லோருக்கும் என்று ஆகியிருந்தது.

"அம்மி எங்க வீட்டுது தம்பி. ஒரு பக்கம் எங்கம்மா பிடிச்சாக, ஒரு பக்கம் நான். அத எங்க போட்டீங்க?"

தரைக்கு அடியில் போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. எழுதும்போதும்தான்.

கிளம்பும்போது சொன்னார்: "தெறந்து வைக்காதீங்க. இன்னைக்குக் காத்துக்குன்னு தெறப்பீங்க. நாளைக்கு எங்க பிள்ளைகளப் பாத்து, அந்தப் பக்கமாப் போன்னு சொல்ல ஒரு வாய் இல்லாமயா போகும்?"

மே 14, செவ்வாய்

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாண்டிக்குக் கோபம், சம்பளம் போகிறது. வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். தெற்குக் கைச் சன்னல்கள். நெஞ்சு உயரம். வேறு கொத்தனாரும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே காற்று வராது. ஊருக்கே முழங்கால் உயரத்தில் காற்று வைத்தவன், இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்து கட்டியிருக்கிறான். லீலிப்பூவையும் அவன்தான் செதுக்க வைத்தான்.

முதலில் கட்டியவன் நினைத்தது என்ன என்று இப்போது தெரியும். சட்டம் 4ஐ அடித்துவிட்டேன்.

ஜெயாவிடம் சொன்னேன். அதுக்குத்தான் சித்தாளுக வரலையா என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை.

பல் டாக்டர்: நாளை 11 மணி. பிடுங்க வேண்டுமாம்.

மே 19, ஞாயிறு

பெந்தெகோஸ்து. கீழத்தெரு ஒருவர்கூட உள்ளே வரவில்லை. பூசை முழுக்க வெளியே வெயிலில். முன்வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்பதன் காரணமும் தெரிந்தது. பிந்தி வருபவர்கள் வெயிலில் நின்றாலும் நிற்பார்கள், தெற்குக் கைக்குள் மட்டும் போகமாட்டார்கள்.

பூசை முடிந்து சாமியார் பங்களாவில் கூட்டம். நான் இனிமேல் வாசலைத் திறப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஃபாதர் கையைப் பிசைந்தார். மேல் பாதிதான் போய்விட்டதே, அதை ஒரு சன்னலாக வைத்துக் கம்பி போட்டுவிடலாமே என்றார். இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருக்குமாம். டீச்சர் சொன்னார்: "சன்னல்னா எட்டிப் பாக்கத்தான ஃபாதர். நாங்க எட்டிப் பாத்தது போதும்."

அருளப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரிந்திருக்கும். "அந்தக் காலமெல்லாம் போச்சு டீச்சர். இப்ப யாரு அதப் பாக்குறா?"

"போச்சுன்னா அடைச்சுருங்க."

எத்தனை கல் வேண்டுமோ தன் சூளையிலிருந்து இறக்கித் தருவதாக அருளப்பன் சொன்னார். முதல் தரக் கல். டீச்சர் கல் கேட்கவில்லை. "கீழ் பாதி எங்கப்பா அடைச்சது, அது அப்படியே நிக்குது. மேல் பாதிய மேலத்தெரு அடைக்கட்டும். கொத்தனாரு கை படக் கூடாது. அன்னைக்கு நாங்க அடைச்சோம், இன்னைக்கு நீங்க அடைங்க."

அதற்கு அருளப்பன் பிடி கொடுக்கவில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது என்று எழுந்து போய்விட்டார்.

மே 23, வியாழன்

டிராக்டரில் செங்கல் வந்து இறங்கியது. உண்மையிலேயே முதல் தரம். தட்டினால் மணி மாதிரிச் சத்தம். டிரைவர் மட்டும் வந்தார். அடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சரின் ஆள் என்று எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. மேலத்தெரு டீக்கடையில் என் டீயில் சர்க்கரை குறைந்திருக்கிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பல் பிடுங்கிய இடம் ஆறிவருகிறது. இட்லி மட்டும்.

மே 28, செவ்வாய்

மழை வரும் போல இருந்தது, வரவில்லை. வடக்குச் சுவர் சுண்ணாம்பு முதல் பூச்சு முடிந்தது. அழகாக வந்திருக்கிறது. சுண்ணாம்பு ஆறி இறுக நாள் பிடிக்கும். தெற்குச் சுவரை இப்போது தொடங்காவிட்டால் திருவிழாவுக்கு முடியாது.

வாசல் பாதி திறந்து நிற்கிறது. கீழே டீச்சர் அப்பாவின் சுவர், மேலே ஆகாயம். ஆடு ஒன்று ஏறி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றது. பாண்டி கேட்டார்: "நானே செத்த நேரத்துல வச்சுருவேன் சார். யாரு வச்சான்னு கல்லு சொல்லவா போகுது?"

அவர் சொன்னபடி செய்திருக்கலாம். ஆசையாகவும் இருந்தது. வேண்டாம் என்றேன்.

ஃபாதர் மேலத்தெருவில் நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். எல்லோரும் அருளப்பன் வந்தால் வருகிறோம் என்றார்களாம்.

ஜூன் 4, செவ்வாய்

கொடியேற்றம். நவநாள் தொடங்கிவிட்டது. கீழத்தெரு இன்றும் வெளியே. மேளம் அடிப்பவர்களும் கீழத்தெருதான், கொடிமரத்தடியோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே மேளம் இல்லாமல் பவனி வந்தது. கேட்க ஒரு மாதிரி இருந்தது. அருளப்பன் முன்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். தரையைப் பார்த்தே நடந்தார்.

தெற்குச் சுவரைச் சாக்குத் துணியால் மறைக்கலாமா என்று ஃபாதர் என்னிடம் கேட்டார். என்ன பதில் சொல்ல? சாக்குக்குச் சட்டம் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

மதியம். பாண்டி சாப்பிடப் போயிருந்தார். நான் தெற்குக் கையில் சன்னல் உயரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தேன். திருவிழா முடிந்ததும் இந்தச் சன்னல்களை முழங்கால் வரை இறக்க வேண்டும் என்று ஃபாதரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சட்டம் 1க்கு எதிரானது. தெரிந்தே.

அருளப்பன் வந்தார். தனியாக. செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராக வாசலண்டை போனார். சாந்துச் சட்டியையும் கரண்டியையும் பார்த்தார். இதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். காட்டினேன். எனக்கும் சரியாகத் தெரியாது.

ஒரு கல்லை வைத்தார். சாந்து வேட்டியில் வழிந்தது. கல் ஒரு பக்கம் சாய்ந்தது. எடுத்துத் திரும்ப வைத்தார். "இம்புட்டு வருசமாக் கல்லு அறுக்கேன் சார். ஒண்ணக்கூட வச்சதில்ல." மேலும் நாலைந்து கல் வைத்தார். ஒரு வரிசை முழுதாக வரவில்லை, வந்ததும் கோணல். நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரும்தான் உட்கார்ந்திருக்க மாட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்ஙன காத்தே வரலையே சார்."

சன்னலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டீச்சரிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாண்டி வருவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம் தெரிந்தது.

ஜூன் 8, சனி

காலையிலேயே டீச்சர் வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, வாசலில் மல்லிகைப் பந்தல். காபி கொடுத்தார். சொன்னேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார், ஒரு வரிசைகூட முடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இது கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை, அதையும் சொன்னேன்.

குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கோணல் வரிசையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கல்லை விரலால் அழுத்தினார். சாந்து இறுகியிருந்தது.

"நாங்களும் ஆளில்லாத நேரமாப் பாத்துத்தான தம்பி அடைச்சோம். விடுங்க. அம்புட்டுத்தான் அவரால முடிஞ்சது. மீதியப் பாண்டி வைக்கட்டும். இந்த வரிசைய மட்டும் நேர் பண்ண வேண்டாம்."

இனி என் யோசனை. அடைத்த பகுதியைப் பூசாமல் அப்படியே விடலாம் என்றேன். கீழே மண் சாந்தும் பல அளவுச் செங்கல்லும், நடுவில் கோணல் வரிசை, மேலே புதுக்கல். எதையும் ஒளிக்க வேண்டாம், பார்ப்பவர்களுக்குக் கதை தெரியட்டும். சட்டம் 2. ரொம்ப நாளாக மனதில் இருந்த யோசனை, அழகாக வரும். டீச்சருக்குப் பிடிக்கும் என்று உறுதியாக நம்பினேன்.

வேண்டாம் என்றுவிட்டார். "எங்க பிள்ளைக கல்யாணத்துக்கு வர்ற சம்பந்தகாரவுக, இது என்னன்னு கேப்பாக. ஒவ்வொரு தடவையும் நாங்க நின்னு கதை சொல்லணுமா? வெள்ளையாப் பூசிருங்க. உள்ள இருக்கிறது எங்களுக்குத் தெரியும்."

எனக்கு மனசே இல்லை. ஆனால் சுவர் என்னுடையது அல்ல. பூசச் சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் சித்தாள் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். யார் போய்ச் சொன்னது என்று தெரியாது. சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினார்கள், நேற்றுத்தான் போன மாதிரி.

ஜூன் 13, வியாழன்

திருவிழா. தெற்குச் சுவர் வெள்ளை, இன்னும் ஈரம். தொட்டால் கையில் ஒட்டும். தொட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

மேளம் உள்ளே வரைக்கும் வந்தது. கீழத்தெரு நடுக்கூடத்தில். டீச்சர் பீடத்துக்கு நேர் எதிரே, மடியில் குடை. கூட்டம் தாங்கவில்லை. சப்பரம் வெளியே போய்விட்டதால் தெற்குக் கையில் இடம் இருந்தது. பிந்தி வந்த அருளப்பன் வீட்டுப் பெண்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். பூசை முழுக்க விசிறிக்கொண்டே இருந்தார்கள். சன்னலை அடுத்த வாரமே இறக்கிவிடுங்கள் என்று அருளப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டீச்சரும் அவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜெயாவுக்கு வளையல், எனக்கு ஒரு பொட்டலம் பொரி.

ஜூன் 16, ஞாயிறு

எங்கள் ஊர். அப்பாவுக்கு நினைவுப் பூசை. லேசான மேகம், காற்று பரவாயில்லை.

எங்கள் கோயிலுக்கும் தெற்கே ஒரு வாசல் உண்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், திறந்தேதான் இருக்கும். அதன் வழியாக யார் யார் வருகிறார்கள் என்று இன்றுதான் கவனித்தேன். பூசையில் மனம் செல்லவில்லை.

முடிந்ததும் பெரிய வாசலுக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே போனேன். ஜெயாவும் பின்னால் வந்தாள். படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி, வழிவிட்டார்கள்.